ஒன்பதாயிரம் டிக்கெட், ஒரு பயணி

நீங்கள் உட்காருங்கள் தம்பி. நான் உட்கார மாட்டேன். பெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, ஈரம் கீரம் ஒன்றும் இல்லை. முதுகு சாய்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். ‘உபயம்: சு. ஆவுடையப்பன், மேலச்சுனை.’ வாசித்தீர்களா? அதனால்தான். அந்தப் பேரில் என் முதுகு சாயாது. ஏழு மணியிலிருந்து நிற்கிறேன். முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஆவுடையப்பன் யாரா? அதோ, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், வேப்பமரத்தடியில், தோளில் பச்சைத் துண்டோடு ஒருத்தன் நிற்கிறானே. பார்க்காதீர்கள், பார்க்காதீர்கள். பார்த்தால் நாம் அவனைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும். அவன் என் மச்சான். என் பெண்டாட்டி கோமுவுக்கு உடன்பிறந்த அண்ணன். இருபத்து நான்கு வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. இந்த மேலச்சுனை மண்ணை மிதித்தும் இருபத்து நான்கு வருஷம். இன்றைக்கும் மிதிக்கவில்லை. ஆட்டோவை ஓரமாக ஒட்டி நிறுத்தச் சொல்லி நேராகப் பிளாட்பாரத்தில் காலை வைத்தேன். பிளாட்பாரம் ரயில்வேக்குச் சொந்தம்.

நீங்களும் ஒன்பது நாற்பது வண்டிக்குத்தானே? நானும் தென்காசிக்குத்தான். என் பேரனுக்குப் பதினொன்றரை மணிக்குக் காது குத்து. இந்த வாழைத்தார், இந்தத் தட்டு, இந்தப் பித்தளைக் குடம், இந்தப் பை எல்லாம் அதற்குத்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். என் மகள் வடிவு ஒரே பிள்ளை, கூடப்பிறந்தவன் இல்லை. அதனால் தாத்தா மடிதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“எங்க மாமாவையும் கூப்பிட்டிருக்கேம்ப்பா. ரெண்டு பேர்ல யாரு முந்தி வாராகளோ, அவுக மடி.”

சொந்த மகள். அதனால்தான் ஏழு மணிக்கே வந்தேன். வந்து பார்த்தால் அவன் அதற்கு முன்பே வந்து நிற்கிறான். சரி, அவனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று நின்றுகொண்டே யோசித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வண்டிதான் என்பது எட்டு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆனால் அவன் நிற்கிற இடத்தைப் பாருங்கள். அங்கேதான் முதல் பெட்டி வரும். தென்காசியில் இறங்கினால் முதல் பெட்டிக்கு எதிரேதான் வாசல். இருபது அடி முந்துவான். எப்படிப்பட்ட ஆள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

பகை எதனால் என்றால், அதுவும் ஒரு காது குத்தினால்தான்.

வடிவுக்கு அப்போது ஒரு வயசு. எங்கள் ஊர் புளியரம்பட்டி, இங்கிருந்து மூன்றே கிலோமீட்டர், அடுத்த ஸ்டேஷன். அந்தக் காலத்தில் காலை எட்டு மணிக்கு இங்கிருந்து ஒரு பாசஞ்சர் உண்டு. தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு அதில் வருகிறான் என்று ஊரே காத்திருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, ஒன்பதே முக்கால் ஆயிற்று. நல்ல நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் போட்டோ பிடிக்க வந்தவனை உட்கார வைத்து, அவன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்தினோம். போட்டோக்காரனே மடியைக் கொடுத்துவிட்டதால் போட்டோவும் இல்லை.

பத்தரைக்கு வந்தான் ஆவுடையப்பன். வியர்த்து ஒழுக, பதினோரு தட்டு, பித்தளைக் குடம், வாழைத்தார் இரண்டு, ஒரு கிடா, எல்லாவற்றோடும் வந்து நிற்கிறான்.

“மாப்ளே, கூட்ஸுக்காக வண்டிய நிறுத்திப் போட்டுட்டான். ரெண்டு மணி நேரம். இந்தா எடுத்துருவான், இந்தா எடுத்துருவான்னு உக்காந்தே இருந்தோம்” என்றான்.

நான் ஊர் முன்னால் கேட்டேன். “மூணு கிலோமீட்டர்தானய்யா. நடந்து வரக் கால் இல்லையா?”

கிடாவின் கயிற்றைத் தூணில் கட்டினான். வந்த வழியே திரும்பி நடந்தான். நடந்தே போனான் தம்பி! கால் இருந்திருக்கிறது அல்லவா?

கூட்ஸ் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. எங்கள் ஊரைத் தாண்டித்தானே இங்கே வர வேண்டும். நானே பந்தல் வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணினேன். ஆமை மாதிரிப் போனது. அது வேறு விஷயம். நான் கேட்டது, நடந்து வரக் கால் இல்லையா என்பதுதான்.

அன்று சாயங்காலமே கோமுவிடம் சொல்லிவிட்டேன். “இனி நீ அந்த ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது.” அவள் “சரி” என்றாள். இருபத்து நான்கு வருஷத்தில் அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவள். இப்போதுகூடத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவளைக் காணோம். வழி தெரியாமல் எங்கே தேடி அலைகிறாளோ.

பழைய கதையை விடுங்கள். இந்த வண்டிக் கதைக்கு வருகிறேன்.

வடிவைத் தென்காசியில் கட்டிக் கொடுத்தோம். பஸ்ஸில் போனால் எனக்கு இரண்டாவது வளைவிலேயே வாந்தி. ரயிலில் போகலாம் என்றால், எட்டு மணி வண்டியை எடுத்துவிட்டு ஒரே ஒரு பாசஞ்சர் வைத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு எங்கள் ஊரிலிருந்து போகும், மூன்று மணிக்குத் திரும்பி வந்துவிடும். தென்காசியில் இறங்கினால் அரை மணி நேரம்தான் கிடைக்கும். பேரன் தூளியில் தூங்கிக்கொண்டிருப்பான். தூளியைப் பார்த்துவிட்டு ஓடி வர வேண்டும். இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் ராத்திரி தங்க வேண்டும். பெண் கொடுத்த வீட்டில் பாய் போட்டுப் படுக்கிறவன் நான் இல்லை. பேரன் முழித்திருந்து நான் பார்த்தது மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் அழுதான்.

அப்போதுதான் ரயில்வேயிலிருந்து திட்ட அதிகாரி ஒருத்தர் எங்கள் ஊருக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். நல்ல மனிதர், ஆனால் படித்தவர். என் தவிட்டுக் கடை வாசலில்தான் நாற்காலி போட்டோம். மடியில் பெரிய தாளை விரித்தார். தாள் முழுக்கச் சரிவு சரிவாகக் கோடு. இந்தப் பக்கம் சரிகிறது, அந்தப் பக்கம் சரிகிறது, பாய் பின்னினது மாதிரி இருக்கிறது.

“இதுல ஒவ்வொரு கோடும் ஒரு வண்டிங்க பெரியவரே. தண்டவாளம் ஒண்ணுதான். ரெண்டு கோடு வெட்டிக்கிற இடத்துல ஒரு வண்டி ஒதுங்கி நின்னே ஆகணும்” என்றார்.

“இந்தத் தடிச்ச கோடெல்லாம் என்னது?”

“கூட்ஸ். நிலக்கரி, சிமெண்ட், உரம். இனிமே இன்னும் நாலு கூடும். அதையும் கூட்டணும், பாசஞ்சரையும் கூட்டணும். அதுக்குத்தான் இந்தத் திட்டமே.”

நான் நன்றாகப் பார்த்தேன். “உங்ககிட்ட ரப்பர் இல்லையா? தடிச்ச கோட்டுல ரெண்ட அழிச்சிட்டா எடம் கெடைக்குமே” என்று கேட்டேன். மூணாம் வகுப்பில் வாத்தியாரே எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், தப்பாகப் போட்டால் அழித்துவிடு என்று. அதிகாரி தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கையை வைத்துவிடுவேனோ என்று பயம்.

“உங்க ஊர்ல சரக்கு என்ன ஏத்துவீங்க?” என்று கேட்டார்.

“வாரத்துக்கு எட்டு மூட்டை தவிடு. வேணும்னா ஒன்பதாக் கூட்டலாம்” என்றேன்.

அவர் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டதை நான் கவனித்தேன்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இரண்டு கூட்ஸுக்கு நடுவில், காலை ஒன்பதரை சுமாருக்கு ஒரு சந்து இருக்கிறதாம். அதில் புதிதாக ஒரு பாசஞ்சரைச் சொருகலாமாம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும். ஆனால் புளியரம்பட்டி, மேலச்சுனை இரண்டிலும் நிறுத்தினால் பின்னால் வருகிற கூட்ஸ் தாமதமாகிவிடும். ஏதாவது ஒரு ஊரில்தான் நிற்கும்.

“அடுத்த மாசம் முழுக்க டிக்கெட்ட வெச்சுக் கணக்கெடுப்போம். எந்த ஸ்டேஷன்ல ஏறுறதும் இறங்குறதும் அதிகமோ, அங்க வண்டி நிக்கும்” என்றார்.

தம்பி, அந்த நிமிஷத்தில் எனக்கு இருபது வயசு குறைந்துவிட்டது. காலையில் போகலாம், பேரன் முழித்திருக்கும்போது பார்க்கலாம், பொழுது சாயும்போது என் கட்டிலுக்குத் திரும்பலாம். ஆனால் வண்டி மேலச்சுனையில் நின்றால்? இந்த ஊருக்கு வந்து, அவன் முகத்தில் முழித்து, வண்டி ஏற வேண்டும். அதைவிடப் பேரனுக்குக் கல்யாணம் ஆகும்வரை பார்க்காமலே இருந்துவிடலாம்.

அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டேன். “எவனும் பிரயாணம் பண்ண வேண்டாம். டிக்கெட் மட்டும் வாங்குங்கள். தலைக்கு ஒன்று, தினமும்” என்றேன். அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்டிருந்த வரிப்பணம் அப்படியே இருந்தது. வில்லுப்பாட்டையும் வாணவேடிக்கையையும் நிறுத்திவிட்டு அதில் டிக்கெட் வாங்குவது என்று முடிவாயிற்று. சாமியிடம் பூக்கட்டிப் பார்த்துத்தான் செய்தோம். சாமிக்கும் தென்காசிப் பக்கம் வேலை இருந்ததோ என்னவோ, உடனே வெள்ளைப் பூ விழுந்தது.

எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவன் அருளப்பன். கமிஷனுக்கு எடுத்து நடத்துகிறான். முதல் நாளே என்னிடம் கேட்டான்.

“அண்ணாச்சி, எந்த ஊருக்குப் போட?”

“கொறைஞ்ச டிக்கெட் எது?”

“அடுத்த ஸ்டேஷன் மேலச்சுனைதான். பத்து ரூவா. தென்காசின்னா பதினஞ்சு. அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு நெனைக்காதிய, தென்காசிக்கே போட்டுருவோமே. மேலச்சுனைன்னா...”

“முந்நூறு பேருக்கு அஞ்சஞ்சு ரூவாய ஒங்க அப்பனா குடுப்பான்? பத்து ரூவா டிக்கெட்டப் போடுல.”

அவன் தலையைச் சொறிந்தான். போட்டான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அவன் அழுத்திச் சொல்லவில்லை. தலையைத்தான் சொறிந்தான்.

முப்பது நாள் திருவிழாதான். பதினோரு மணிக்கே முந்நூறு பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். டிக்கெட்டை வாங்கி மடியில் சொருகிக்கொள்வார்கள். வண்டி வரும், ஒரு நிமிஷம் நிற்கும். கதவுக்குக் கதவு கூட்டம் நிற்கும், ஒருத்தரும் ஏற மாட்டார்கள். எல்லோரும் கையை ஆட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். முதல் நாள் வண்டியின் கார்டு கொடி காட்ட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

நான் மட்டும் வண்டியைப் பார்க்க மாட்டேன். மேலச்சுனைக்குப் போகிற வண்டி அல்லவா? டிக்கெட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். முப்பது நாளும் அப்படித்தான். வண்டி கிளம்புகிற சமயத்தில் கூட்டத்தில் தினமும் ஒரு சிரிப்பு கிளம்பும். “என்னல சிரிப்பு?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, திரும்பாதிய, அப்படியே நில்லுங்க” என்பார்கள். என் வைராக்கியத்தின்மேல் ஊருக்கு அவ்வளவு மரியாதை.

எங்கள் வீட்டுக்குத் தினமும் இரண்டு டிக்கெட். என்னுடையதை அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவேன். மேலச்சுனை என்று அச்சடித்த சீட்டு என் வீட்டுக்குள் வரக் கூடாது. கோமு மட்டும் அவளுடையதை முந்தியில் முடிந்துகொள்வாள். “ஏட்டி, கிழிச்சுப் போடு” என்றேன். “காசு குடுத்து வாங்குன சீட்டு. வீணாக்கக் கூடாது” என்றாள். அப்படி ஒரு சிக்கனக்காரி.

அந்த ஒரு மாதம் அவளுக்கு உடம்பும் நன்றாக இருந்தது. மூட்டு வலி தைலம் தொடவே இல்லை. மத்தியானச் சோறு பத்தரைக்கே தயாராகிவிடும், நான் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்வேன். மூன்று மணிக்குமேல் வீட்டுக்குப் போனால், அப்போதுதான் முகம் கழுவினவள் மாதிரி இருப்பாள். “எங்கட்டி போன?” என்றால், “முருங்கைக்கீரை பறிக்கப் போனேன்” என்பாள். முப்பது நாளும் கீரை பறித்தாள். ஒருநாளும் வீட்டில் கீரை வைக்கவில்லை. மறதி வந்துவிட்டது, வயசாகிறது அல்லவா? ஆனால் எள்ளும் பூண்டும் போட்டு ஒரு மிளகாய்ப்பொடி வைத்தாள் பாருங்கள், அதைத் தொட்டு நான் தினமும் எட்டு இட்லி தின்றேன்.

மாதம் முடிந்தது. அதிகாரி தாளோடு வந்தார். பந்தல் போட்டிருந்தோம், மேளம் சொல்லியிருந்தோம், அவருக்குப் போர்த்தப் பொன்னாடை ஒன்று வாங்கி நானே கையில் வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“புளியரம்பட்டியில ஏறினவங்க ஒன்பதாயிரம். இறங்கினவங்க நாப்பத்தி ரெண்டு.”

கைதட்டினோம். மேளக்காரன் ஒரு அடி அடித்துவிட்டான்.

“மேலச்சுனையில ஏறினவங்க ஆயிரத்தி நானூறு.”

இன்னும் பலமாகக் கைதட்டினோம்.

“மேலச்சுனையில இறங்கினவங்க ஒன்பதாயிரத்து எழுநூறு. ஆக மொத்தத்துல மேலச்சுனைதான் அதிகம். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் அந்த ஊருக்குப் போகணும்னு துடிக்கிறாங்க. அங்க நிறுத்தலைன்னா உங்களுக்குத்தாங்க கஷ்டம்.”

மேளக்காரன் அதற்கும் ஒரு அடி அடித்தான். அவனுக்கு என்ன தெரியும்?

நான் எழுந்து, “ஐயா, நாங்க யாரும் அந்த ஊருக்குப் போகவே இல்ல” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அதுதான் எங்களுக்கும் புரியலை. வண்டியில வந்த எங்க ஆளு தினமும் ஒரே ஒரு அம்மா ஏறினதாத்தான் எழுதியிருக்கார். கையில தூக்குச்சட்டியாம். மேலச்சுனையில இறங்கி, மூணு மணி வண்டியில திரும்பிடுவாங்களாம். ஆனா எங்களுக்கு டிக்கெட்தாங்க ஆதாரம்.”

பாருங்கள் தம்பி. எல்லாம் ஆவுடையப்பன் செய்த சூழ்ச்சி. அவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? ஒன்றுமே செய்யவில்லை. முப்பது நாளும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். அதுதான் சூழ்ச்சி! பாதிக் குற்றம் அருளப்பனுடையது. இன்றைக்குவரை ஊரில் சில பேர் என்னைக் கைகாட்டுகிறார்கள். நான் என்ன செய்தேன்? நான் சிக்கனமாக இருந்தேன்.

ஆனால் அந்த ஒரு அம்மாவை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. முந்நூறு பேரில் அவள் ஒருத்திதான் கள்ளக் கணக்கு இல்லாமல் டிக்கெட்டுக்கு நியாயமாக நடந்திருக்கிறாள். யாரென்று தெருத் தெருவாக விசாரித்தேன். யாரைக் கேட்டாலும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். கோமுவிடமும் சொன்னேன். “அவ யாருன்னு கண்டுபிடிட்டி. இந்தப் பொன்னாடையை அவளுக்குத்தான் போத்தணும்.”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்தப் பொம்பள பொன்னாடையெல்லாம் கேக்க மாட்டா. சும்மா வுட்டாப் போதும்.”

இருங்கள் தம்பி, போன் அடிக்கிறது. அருளப்பன்தான்.

“என்னல? ...எங்க நிக்கி? ...நம்ம ஊர்லயா? வண்டியா? ...எவ்வளவு நேரமா?”

கேட்டீர்களா அநியாயத்தை? எந்த வண்டி எங்கள் ஊரில் நிற்காது என்று எழுதிக் கொடுத்தார்களோ, அதே ஒன்பது நாற்பது வண்டி அரை மணி நேரமாக எங்கள் ஊரில் நிற்கிறதாம்! எதிரே கூட்ஸ் வருகிறது, சிக்னல் விழவில்லை. சிக்னல் கம்பம் எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது. கதவு சரியாக என் தவிட்டுக் கடைச் சந்துக்கு நேராக நிற்கிறதாம். நான் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து அதில் ஏறியிருக்கலாம். ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து இங்கே வந்து நிற்கிறேன். “அண்ணாச்சி, ஊர்ல எல்லாரும் சும்மா ஏறி எறங்கி வெளையாடுதாவ” என்கிறான் அந்தப் பயல்.

அதோ கூட்ஸ். கேட்கிறதா? தரையெல்லாம் ஆடுகிறது. நிலக்கரி. ஒன்று, இரண்டு, மூன்று... விடுங்கள், எண்ணி என்ன ஆகப் போகிறது? மணி பத்து இருபது.

இருங்கள், மறுபடியும் போன். இது வடிவு.

“அம்மா வடிவு! ...வந்துட்டே இருக்கோம்மா. ...இல்ல, இன்னும் ஏறல. கூட்ஸுக்காக வண்டிய நிறுத்திப் போட்டுட்டாம்மா. ...நம்ம ஊர்லதான் நிக்கி. ...இந்தா எடுத்துருவான், இந்தா எடுத்துருவான்னு...”

வைத்துவிட்டாள்.

என்ன சொன்னாள் என்றா? ஒன்றும் இல்லை. சிரித்தாள். “மூணு கிலோமீட்டர்தானப்பா. நடந்து போய் ஏறக் கால் இல்லையா?” என்று கேட்டாள்.

அது என் வார்த்தை தம்பி. இருபத்து நான்கு வருஷமாக அவளுக்கு நான் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லிக் கொடுத்த வார்த்தை.

நீங்களே சொல்லுங்கள். மூன்று கிலோமீட்டர். இந்த வாழைத்தார், இந்தத் தட்டு, பித்தளைக் குடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்துச் சல்லியில் ஒரு மனுஷன் நடக்க முடியுமா? பாதி வழி போகும்போது வண்டி கிளம்பி எதிரே வந்துவிட்டால்? இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுவில் நிற்க வேண்டியதுதான். கொஞ்சமாவது... நான் என்னைத்தான் சொல்கிறேன். என் குடத்தைத்தான் சொல்கிறேன்.

என்ன பார்க்கிறீர்கள்? ஓ. உட்கார்ந்துவிட்டேனா? முட்டி தானாக மடங்கிவிட்டது. ஓரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சாயவில்லை, நீங்கள் சாட்சி.

அதோ கோமு வந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலைக் காணோம், தூக்குச்சட்டி எங்கிருந்து வந்தது? பின்னால் வருகிற அந்தச் செம்பட்டை நாய் ஆவுடையப்பன் வீட்டு நாய். காலையில் நான் வந்து இறங்கினபோது அவன் காலடியிலிருந்து ஓடிவந்து ஆட்டோவைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அவளைப் பாருங்கள், காலைச் சுற்றி வாலை ஆட்டுகிறது. பெண்பிள்ளை என்றால் நாய்க்கும் ஒரு மரியாதை. “கலெக்டர், சும்மா இரு” என்கிறாள், கேட்டீர்களா? நாயின் பேர் அவளுக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். பார்த்தால் கலெக்டர் மாதிரித்தான் இருக்கிறது.

இட்லி கொண்டுவந்திருக்கிறாள். நீங்களும் எடுங்கள் தம்பி, தயங்காதீர்கள். எள்ளுப்பொடி. பூண்டு தட்டிப் போட்டது...

ம்.

இந்தப் பொடியை நான் முதன்முதலில் தின்றது மறுவீட்டு விருந்துக்கு வந்த அன்று. இதே ஊரில், அவர்கள் வீட்டில். அவள் அம்மாவின் கைப்பக்குவம். அந்த அம்மா போன பிறகு இதைச் செய்யத் தெரிந்தது ஆவுடையப்பன் பெண்டாட்டிக்கு மட்டும்தான். அப்படியென்றால் அந்த முப்பது நாள் எங்கள் வீட்டில்...

தூக்குச்சட்டி.

நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள் தம்பி. நானும் கேட்கவில்லை. அவள் பாருங்கள், இட்லியைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமலே இருக்கிறாள். இருபத்து நான்கு வருஷத்தில் முப்பது நாள். அதற்கும் டிக்கெட் நான்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு இட்லி எடுங்கள்.

அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். உள்ளே பொன்னாடை இருக்கிறது. மடியில் விரித்துப் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று கொண்டுவந்தேன். வெயில் ஏறுகிறது. “ஏட்டி, இந்தா, தலைல போட்டுக்க.” வெயிலுக்குத்தான் தம்பி. வேறு ஒன்றும் இல்லை. இந்த வயசில் அவள் எதற்குக் கண்ணைத் துடைக்கிறாள்? நிலக்கரித் தூசி விழுந்திருக்கும்.

வருகிறான். ஆவுடையப்பன் வருகிறான். முதல் பெட்டி இடத்தை விட்டுவிட்டு இங்கே எதற்கு வருகிறான்? திரும்பாதீர்கள். நானும் திரும்ப மாட்டேன். நம்மோடு பேசமாட்டான், தைரியமாக இருங்கள்.

“மாப்ளே. சிக்னல் விழுந்துட்டு. வண்டி வருது.”

நான் தண்டவாளத்தைத்தான் பார்க்கிறேன்.

“நாம வாரது வரைக்கும் ஊசியத் தொட மாட்டாகளாம். யாரு மடின்னு வடிவு கேட்டுக்கிட்டே இருக்கா. நானும் யோசிச்சுப் பாத்தேன். பிள்ளைக்குக் காது ரெண்டு இருக்குல்லா.”

தம்பி, நான் அவனோடு பேசுவதில்லை. இருபத்து நான்கு வருஷம். நீங்கள்தான் நடுவில் நிற்கிறீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த வாழைத்தாரை ஒரு பக்கம் அவனைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் பெட்டியில் ஜன்னல் ஓரமாக இரண்டு இடம் போடச் சொல்லுங்கள். இல்லை, மூன்று.

அப்புறம் வலது காது என் மடி. அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.